நாட்கதிர் என்னும் பொத்தான்

நான் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆலையில் பழைய மென்பொருளை அகற்றிவிட்டுப் புதியதொன்றை நிறுவப்போகிறார்கள். அப்பணியை ஏற்றுள்ள குழுவினர் பழைய திரையிலுள்ள பொத்தான்களை ஒவ்வொன்றாக ஆய்ந்து, கொள்வன இவை, தள்ளுவன இவை என்று பிரித்து வருகின்றனர். சென்ற திங்கள் அக்குழுவிலிருந்து ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், லாரிக்காரங்க போன்ல 'நாட்கதிர்'னு ஒரு பட்டன் இருக்கு. அத அமுக்கினா எந்தக் கணக்கும் மாறல. எதுக்கு வச்சாங்கன்னு இங்க யாருக்கும் தெரியல. எடுத்துடலாமா?"

எடுக்கலாகாது என்றேன். ஏன் என்றார். தொலைபேசியில் சொல்லி முடியக்கூடிய காரணமன்று அது. எந்தக் கணக்கையும் மாற்றாத அந்தப் பொத்தானை நீக்கினால் ஏனைய கணக்குகள் யாவும் பிழைபடும். இதனை அறிந்தவர்களுள் சிலர் வெளிநாடு சென்றுவிட்டனர். சிலர் வேறு ஆலைகளுக்கு மாறிவிட்டனர். எழுதிவைக்க எஞ்சியிருப்பவன் நான் ஒருவனே என்பதால் இவ்வனுபவத்தைப் பதிவு செய்கிறேன்.

எங்கள் ஆலை கும்பகோணத்திலிருந்து நன்னிலம் செல்லும் வழியில் இருக்கிறது. நெல்லை உலர்த்தி, உமி நீக்கி, அரிசியாகவும் மாவாகவும் ஆக்கிப் பைகளில் அடைத்து அனுப்புவது அதன் தொழில். தமிழிலக்கியம் பயின்று, ஆசிரியப் பணி கிட்டாமையால் சரக்கு வரவு எழுத்தராக அங்கே சேர்ந்தேன். கொள்முதல் மேலாளராக ஓய்வு பெற்றேன். இடைப்பட்ட காலத்தில் சாக்கு எண்ணவும், நெல்லின் ஈரத்தைப் பல்லால் கடித்தறியவும், வராத சரக்குந்தை வந்துவிடும் என்று நம்பவும் கற்றேன். எல்லோரும் என்னைப் 'புலவர்' என்றே அழைத்தனர். அதில் மதிப்பும் கேலியும் எந்த அளவில் கலந்திருந்தன என்று நான் ஆராயவில்லை.

கணினி வருமுன் எங்கள் தொழில் நடந்த முறை எளியது. நெல் தேவைப்பட்டால் ஊர்களுக்குத் தொலைபேசியில் சொல்வோம். ஒரு நாள் ஒரு வண்டியும் வாராது. மறுநாள் சாலையடைத்து வரும். நெல் மலையாகக் குவிந்த வேளையில் அச்சிட்ட பைகள் இருக்கமாட்டா. பைகள் வந்திறங்கிய நாளில் கொதிகலன் பழுதுபட்டிருக்கும். இவற்றை ஊழ்வினை என்று கருதி அனைவரும் அமைதியாக இருந்தோம்.

அந்த அமைதியைக் கெடுத்தவர் ரெஜினா அம்மையார். வேளாங்கண்ணியை அடுத்த கடற்கரைச் சிற்றூரில் மீனவர் குடியில் பிறந்து, பொறியியல் கற்று, ஊர்தி உறுப்புகள் செய்யும் தொழிற்சாலைகளில் பல்லாண்டு பணிபுரிந்தவர். எங்கள் ஆலைக்குப் பொது மேலாளராக வந்தார். சிக்கல் என்று யார் எதைச் சொன்னாலும், குற்றவாளி யார் என்று கேட்கமாட்டார். அவருடைய முதல் வினா எப்போதும் ஒன்றுதான்: "சரக்கு இப்ப எங்க இருக்கு?"

அவர் வந்த புதிதில் பைகள் இல்லாமல் ஆலை நின்றது. என்னை அழைத்துக் கேட்டார்.

"வந்துகொண்டிருக்கின்றன, அம்மையீர்" என்றேன்.

"வந்துகிட்டிருக்குன்னா எந்த ஊர்ல வந்துகிட்டிருக்கு, புலவர் சார்?"

ஊர் தெரியவில்லை. பை செய்வோரிடம் கேட்டேன், அச்சகத்தில் இருக்கிறதென்றார்கள். அச்சகத்தில் கேட்டேன், மை வரவில்லை என்றார்கள். மை விற்பவரிடம் கேட்டபோது, அப்படியொரு வேண்டுகையே தமக்கு வரவில்லை என்றார். ஆகவே எங்கள் பை எந்த ஊரிலும் வந்துகொண்டிருக்கவில்லை. அது பிறக்கவேயில்லை. அம்மையார் சிரித்துவிட்டுத் தாளொன்றில் கோடு வரைந்தார். பையிலிருந்து அச்சகம், அச்சகத்திலிருந்து மை என்று பின்னோக்கிச் சென்ற கோடு அது. நெல்லுக்கும் அவ்வாறே வரைந்தார். ஆலையிலிருந்து சரக்குந்து, அதிலிருந்து அறுவடை எந்திரம், அதிலிருந்து வயல். "இந்தக் கோட்டுல எந்தப் புள்ளியக் கேட்டாலும் நமக்குத் தெரியணும். அதுக்குத்தான் கம்ப்யூட்டர். வேற மாயமெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார். வழங்கல் சங்கிலி பற்றி அதன்பின் பல பயிலரங்குகளில் அமர்ந்திருக்கிறேன். இதனினும் தெளிவான விளக்கத்தை எங்கும் கேட்டிலேன்.

மென்பொருளை அமைத்தவர் எங்கள் கணினிப் பொறுப்பாளர் ஜமால். திரைச்சொற்களைத் தமிழாக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. வாராது வந்த வாய்ப்பு என்று மகிழ்ந்து, ஓட்டுநர் நெல் ஏற்றத் தொடங்குகையில் அழுத்தவேண்டிய பொத்தானுக்குச் 'சரக்கேற்றத் தொடக்க அறிவிப்பு' என்று பெயரிட்டேன். எங்கள் மூத்த ஓட்டுநர் முருகையன் திறன்பேசியைக் கண்ணருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மீண்டும் அருகே கொண்டுவந்து பார்த்தார்.

"அய்யா, இத நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள லாரி கும்மோணம் போயிடுங்க."

'ஏற்றம்' என்று சுருக்கினேன்.

சில பருவங்கள் செம்மையாக நடந்தன. ஒவ்வொரு சுமைக்கும் ஓர் எண். அந்த எண்ணைத் தொட்டால் எந்த வயல், எந்த விதை, எந்த வண்டி, எந்த உலர்த்தி, எந்தப் பை என்பன வரிசையாகத் திரையில் வரும். இதனைக் கண்டு குழந்தை உணவு செய்யும் பெருநிறுவனம் ஒன்று எங்களிடம் அரிசிமாவு வாங்க முன்வந்தது. விலை நன்று, விதிகள் கடுமை. அறுத்த ஈர நெல் குவியலாக நெடுநேரம் கிடந்தால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பற்றும். ஆகவே வண்டியில் ஏற்றத் தொடங்கியது முதல் உலர்த்தியில் இறங்கும் வரை உள்ள நேரத்துக்கு ஓர் எல்லை வகுத்தனர். எல்லை கடந்தால் கணினி தானே அச்சுமையைச் சிவப்பாக்கிப் பூட்டிவிடும். அந்நிறுவனத்தின் சென்னைத் தர அலுவலர் ஒருவரால் மட்டுமே அப்பூட்டைத் திறக்க இயலும். இன்னும் ஒரு விதி இருந்தது. புதிதாகச் சேர்ந்த உழவரின் முதற்சுமையே சிவப்பானால், அந்தப் பருவம் முழுதும் அவர் பெயர் பட்டியலிலிருந்து நீங்கும்.

ஆலையிலுள்ள எவராலும் திறக்க இயலாதவாறு பூட்டு அமையவேண்டுமென்று கோரியவரே ரெஜினா அம்மையார்தாம். "நம்ம கையில சாவி இருந்தா நம்மள யாரு நம்புவா?" என்றார்.

அவ்விதி நடைமுறைக்கு வந்தது குறுவை அறுவடையின் முதல் நாளில். முதல் வண்டியில் வந்தது வளர்மதியின் நெல். வளர்மதி நன்னிலத்துப் பக்கத்து ஊரினர். அவருடைய பெற்றோர் பிறர் வயலில் கூலிக்கு நட்டவர்கள். அவர் பட்டம் பெற்று, தனியார் அலுவலகமொன்றில் சில காலம் பணிபுரிந்து, அதனை விட்டு வந்து, குத்தகைக்கு நிலம் எடுத்து முதன்முறையாகத் தம் பெயரில் பயிரிட்டிருந்தார். எங்கள் ஒப்பந்தத்தை நம்பியே அந்நிலத்தை எடுத்தார். முருகையன் வண்டியோட்ட, அருகில் அமர்ந்து தாமும் வந்திருந்தார். நெல் இறங்குவதைக் கண்ணாரக் காணவேண்டும் என்ற ஆவல்.

வாயிலில் சுமை எண்ணைத் திரையில் இட்டோம். சிவப்பு.

அடுத்த வண்டியை இட்டோம். அதுவும் சிவப்பு. அதற்கடுத்ததும் அவ்வாறே. பிற்பகல் வானம் தெற்கே கருத்துக்கொண்டிருந்தது. வாயிலுக்கு வெளியே வண்டிகள் வரிசைகட்டி நின்றன. பச்சை என்பது ஒன்றுகூட இல்லை.

"என்ன அண்ணே இது, கல்யாண வீட்டு சீரியல் லைட்டு மாதிரி எல்லாம் செவப்பா எரியுது?" என்றார் வளர்மதி. சிரித்தபடிதான் கேட்டார். சிவப்பின் பொருளை நான் விளக்கியபின் அவர் சிரிக்கவில்லை. "சார், எனக்கு இதான் மொத லோடு. இது போச்சுன்னா இந்த போகமே போச்சு. விடிஞ்சதுலேருந்து வயல்லதான் நிக்கிறேன். எந்த எடத்துலயும் ஒரு நிமிசம் வீணாக்கல. எங்க தப்பாச்சு சொல்லுங்க" என்று கேட்டார். நான் அம்மையாருக்கு ஆள் அனுப்பினேன்.

ரெஜினா அம்மையார் வந்தார். "சரக்கு இப்ப எங்க இருக்கு?" என்ற வினாவைக் கேட்கத் தேவையிருக்கவில்லை, கண்முன் நின்றது. அவர் சேலைத்தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முருகையன் வண்டியின் மீது ஏறி, நீண்ட வெப்பமானியைக் குவியலின் நடுவில் செருகினார். எடுத்துப் பார்த்தார். மீண்டும் வேறோரிடத்தில் செருகினார்.

"சூடே இல்லையே! இப்ப அறுத்த மாதிரில்ல இருக்கு. ஜமால், கம்ப்யூட்டர் தப்பா சொல்லுதா?"

"சிஸ்டம் சரியாத்தான் இருக்கு மேடம். காலைலயே ஏத்த ஆரம்பிச்சிட்டதா பட்டன் அமுக்கியிருக்காங்க. எல்லா வண்டியிலயும் கிட்டத்தட்ட ஒரே நேரம்."

அம்மையார் மேலிருந்தபடியே குனிந்து வளர்மதியைக் கேட்டார்: "ஏம்மா, காலைலயே ஏத்துனீங்களா?"

"ஆமா மேடம். நல்ல நேரத்துலயே ஏத்திட்டோம்."

"எவ்வளவு ஏத்துனீங்க?"

"ஒரு கைப்பிடி."

அம்மையார் வண்டியிலிருந்து இறங்கினார்.

"ஒரு கைப்பிடி லோடா?"

"இல்ல மேடம், கைப்பிடி. நாள் கதிரு. இன்னிக்கு முன்னேரத்துலயே ராகுகாலம் வந்துடுது. ராத்திரி பேஞ்ச தூத்தல் காயாம மிஷினு வயல்ல எறங்காது. மிஷினு எறங்கற நேரம் பாத்தா ராகுகாலத்துல மாட்டுமோன்னு பயம். அதனால நல்ல நேரத்துல அருவாளால ஒரு பிடி அறுத்து, சூடம் காட்டி, வண்டியில வச்சுட்டோம். அப்ப ஏத்தம் தொடங்கியாச்சுல்ல? முருகையன் அண்ணன் பட்டன அமுக்கிட்டாரு."

"அமுக்காம? தங்கச்சி, அந்தப் பட்டனயும் நல்ல நேரத்துலதான அமுக்கணும்!" என்றார் முருகையன், தம் கடமையுணர்வில் பெருமிதம் கொண்டவராய்.

பிற ஓட்டுநர்களைக் கேட்டோம். அனைவரும் தலையசைத்தனர். ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுநர் இருக்கையின் முன்னே ஒரு பிடிக் கதிர் செருகப்பட்டிருந்ததை நாங்கள் அப்போதுதான் கவனித்தோம். படைகொண்டு எழும் மன்னன் நல்ல பொழுதில் தான் புறப்பட இயலாவிடின், தன் குடையை முன்னே அனுப்பிப் புறப்பாடு நிகழ்ந்ததாகக் கொள்வது பண்டை மரபு. அதனைக் குடைநாட்கோள் என்பர். அம்மரபை விளக்க வாய்திறந்தேன். "புலவர் சார், மழைக்கு அப்புறம்" என்று அம்மையார் என்னை நிறுத்தினார். அவர் நிறுத்தியது முறையே.

இதற்குள் ஓட்டுநருள் ஒருவர் வழி சொன்னார். "அந்தப் பதிவ அழிச்சிட்டு, நடுப்பகல்ல ஏத்துனதா புதுசா போட்டுடுங்க மேடம். உண்மையும் அதான?"

உண்மை அதுவே. ஜமால் நினைத்தால் சில விசைகளில் முடியக்கூடியதுங்கூட. வளர்மதி அம்மையாரின் முகத்தைப் பார்த்தார்.

"உண்மைதான். ஆனா இன்னிக்கு உண்மைக்காக அழிச்சா, நாளைக்கு வேற எதுக்காகவோ அழிப்பாங்க. அழிக்க வேணாம். கூட சேப்போம்" என்றார் அம்மையார். பிறகு ஜமாலிடம் திரும்பினார். "அறுவடை மிஷின் நம்ம புக் பண்ணுனதுதான? அது எப்ப எந்த வயல்ல ஓடுச்சுன்னு எங்கயாவது இருக்கா?"

இருந்தது. உழவர்களுக்கு எந்திரங்களை அமர்த்தித் தருவதும் எங்கள் பணியே. ஒவ்வோர் எந்திரத்திலும் இடங்காட்டி உண்டு. எப்போது எந்த வயலில் இயங்கிற்று என்பது வாடகைக்காகப் பதிவாகும். ஆனால் அது மென்பொருளின் வேறொரு பகுதியில் கிடந்தது. வண்டிப் பதிவும் எந்திரப் பதிவும் ஒன்றையொன்று பார்த்ததேயில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாத ஓரகத்திகள் போல் அவை இருந்தன. ஜமால் அமர்ந்து இரண்டையும் வயல் எண்ணால் இணைக்கத் தொடங்கினார். அதே வேளையில் நானும் மற்றோர் எழுத்தரும் வண்டி வண்டியாக ஏறி வெப்பநிலையைப் படம்பிடித்துப் பதிந்தோம். தார்ப்பாய்களைக் காற்று படபடவென்று அடித்தது. வளர்மதி தம் வண்டியின் பாயை முருகையனுடன் சேர்ந்து இழுத்துக் கட்டினார்.

திரையில் இப்போது ஒவ்வொரு சுமைக்கும் மூன்று வரிகள் வந்தன: பொத்தான் அழுத்திய பொழுது, எந்திரம் வயலில் இயங்கிய பொழுது, குவியலின் வெப்பம். வளர்மதியின் வயலில் எந்திரம் இறங்கியது இராகுகாலம் கழிந்தபிறகே. அறுக்காத நெல்லை எவரும் ஏற்றியிருக்க இயலாது. எல்லைக்கு வெகு உள்ளாகவே அச்சுமை வந்திருந்தது.

அம்மையார் சென்னைத் தர அலுவலரைத் தொலைபேசியில் அழைத்து, அனைவரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தார். அவர் தேசாய் என்னும் குசராத்தியர், பல்லாண்டு சென்னைவாசி. இராகுகாலம் என்று அம்மையார் தொடங்கியதுமே மறுமுனையில் சிரிப்பொலி எழுந்தது.

"மேடம், எங்க வீட்ல நல்ல நேரம், அதான் எங்க சோகடியா, பாக்காம அம்மா கத்திரிக்கா வாங்கக்கூட போமாட்டாங்க. நம்பள்கிட்டயே ராகுகாலம் சொல்றீங்களா? ஆனா கதை கேட்டு பூட்டு தெறக்க முடியாது. ரெக்கார்டு அனுப்புங்க. ஒரு ஒரு வண்டியா பாக்கறேன்."

அனுப்பினோம். அவர் உண்மையிலேயே ஒவ்வொன்றாகத்தான் பார்த்தார். அவ்வளவு பொறுமையான மனிதர்மீது எனக்கு அவ்வளவு சினம் அதற்கு முன்போ பின்போ எழுந்ததில்லை. வளர்மதி திரைக்கு முன் கைகட்டி நின்றார். அவருடைய சுமையின் சிவப்பு மறைந்து பச்சை தோன்றியது.

"போங்க அண்ணே, போங்க, போங்க!" என்று கத்திக்கொண்டே அவர் வண்டிக்கு முன்னால் ஓடினார். உலர்த்திக்கு வழி தெரியாது, ஆயினும் ஓடினார். முருகையன் ஒலிப்பான் அடித்து, "தங்கச்சி, இடது பக்கம்!" என்று பின்னாலிருந்து வழி சொல்ல, சுமை கூரைக்குள் சென்றது.

மற்ற வண்டிகளும் ஒவ்வொன்றாகப் பச்சையாயின, ஒன்று நீங்கலாக. அது பெருநிலக்கிழார் ஒருவருடையது. ஆலை முதலாளிக்குச் சம்பந்தி முறை. வெண்ணிற மகிழுந்தில் வண்டியின் பின்னாலேயே வந்திருந்தார்.

"என்னம்மா இது? எல்லாருக்கும் தெறந்துச்சு. எனக்கும் அதே நாள் கதிர்தான்!"

அம்மையார் திரையை அவர் பக்கம் திருப்பினார். "உங்க நாள் கதிர நேத்து சாயங்காலமே மிஷினு அறுத்திருக்கே, அய்யா."

அவருடைய நெல் இரவெல்லாம் பாய்க்கடியில் டிராக்டர்ப் பெட்டியில் கிடந்து, காலையில் வண்டிக்கு மாறியிருந்தது. வெப்பமானியும் அதனையே கூறிற்று. குவியலில் கைவைத்தால் இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்தாற்போல் ஆவி அடித்தது. "நம்ம சம்பந்தி வீட்டு மில்லு இது" என்று தொடங்கினார். "அதனாலதான் அய்யா, வெளியில நிக்க விடாம உள்ள புழுங்கல் பக்கம் எறக்கச் சொல்லியிருக்கேன். அங்க சோதிச்சு, ஆகுறத எடுத்துக்குவாங்க. குழந்தை சாப்பாட்டுக்கு மட்டும் வேணாம். உங்க பேரப்பிள்ளைக்குக் குடுப்பீங்களா?" என்றார் அம்மையார். நிலக்கிழார் குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு, "மிஷினு இதெல்லாமா சொல்லுது?" என்று வியந்து, தம் ஓட்டுநரைப் புழுங்கல் கொட்டகைக்கு அனுப்பினார். அவ்விதி வந்த நாளிலேயே தன் பயனையும் காட்டியது என்பதை அன்றிரவு தேசாய் தம் அறிக்கையில் எழுதியிருந்தார்.

மறுநாள் கூட்டம். இனி எவரும் நாட்கதிருக்காகப் பொத்தானை அழுத்தலாகாதென்று சுற்றறிக்கை விடலாம் என்பது பலர் கருத்து. அம்மையார் கேட்டார்: "சூடம் காட்டுற நேரத்துல சுற்றறிக்கை யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஊர மாத்துறதா, திரைய மாத்துறதா? எது சுலபம்?"

திரையையே மாற்றினோம். ஏற்றம் என்னும் பொத்தானுக்கு மேலே இன்னொரு பொத்தான். நல்ல நேரத்தில் அதனை அழுத்தலாம். கணக்கில் அது சேராது. நெல் உண்மையில் ஏறும்போது அடுத்ததை அழுத்தவேண்டும். அத்துடன் எந்திரப் பதிவும் வண்டிப் பதிவும் எப்போதும் இணைந்தே இருக்குமாறு ஜமால் செய்தார். பெயர் சூட்டும் பொறுப்பு மீண்டும் என்னிடம் வந்தது. 'சரக்கேற்ற நாட்கோள்' என்று எழுதி முருகையனிடம் காட்டினேன். அவர் திறன்பேசியைத் தள்ளிப் பிடித்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. "நாள் கதிருன்னு போட்டா எங்களுக்குப் போதும்ங்க" என்றார். புணர்த்தி 'நாட்கதிர்' என்று எழுதினேன். அவ்வளவுதான் என்னால் விட்டுக்கொடுக்க இயன்றது.

அப்பொத்தானைக் கணக்குக்கு உதவாதது என்று கருதும் புதிய குழுவினர்க்கு ஒன்று சொல்வேன். அது இல்லையெனில் மக்கள் நாட்கதிரை விடமாட்டார்கள். ஏற்றம் என்னும் பொத்தானையே மீண்டும் அதற்கு அழுத்துவார்கள். அப்போது உங்கள் கணினி மிகத் துல்லியமாகப் பொய் சொல்லும்.

வளர்மதியின் பெயர் அந்தப் பருவத்துப் பட்டியலில் நிலைத்தது. அடுத்த சுமை அனுப்புகையில் அவர் எனக்குத் தொலைபேசினார். "சார், பட்டன் நல்லாருக்கு. ஒரு குறைதான். ராகுகாலத்துலயும் அமுங்குதே!" ஜமாலிடம் சொன்னேன். அவர் ஐந்து வேளை தொழுபவர். நேரம் பார்த்தல் என்பதன் அருமை அறிந்தவர். அன்றே பஞ்சாங்கத்தை வாங்கிப் பார்த்து, இராகுகாலத்தில் அப்பொத்தான் சாம்பல் நிறமாகி உறங்குமாறு அமைத்துவிட்டார். புதிய மென்பொருளிலும் இதனைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். வளர்மதி இன்று குத்தகையாகவும் சொந்தமாகவும் பயிரிட்டு, முருகையன் ஓட்டும் வண்டியிலேயே நெல் அனுப்பி வருகிறார். பொத்தான் காணாமற்போனால் முதல் அழைப்பு அவரிடமிருந்துதான் வரும்.

நினைவிலிருந்து எழுதியமையால் வண்டிகளின் வரிசையிலும் சொல்லாடல்களிலும் பிறழ்ச்சி நேர்ந்திருக்கலாம். அன்று வாயிலில் நின்றவர்கள் எவரேனும் இதனைப் படிப்பின் அருள்கூர்ந்து திருத்தி எழுதுக. சிறப்பாக ஒரு செய்தியில் எனக்கு ஐயம் நீங்கவில்லை. வளர்மதியின் சுமை கூரைக்குள் நுழைந்த பின்னரே முதல் துளி விழுந்தது என்று நான் நினைக்கிறேன். முருகையனோ, துளி விழுந்த பின்னரே உலர்த்திக் கொட்டகையின் கதவு திறந்தது என்றும், தம் முன்கண்ணாடி நனைந்ததென்றும் உறுதியாகக் கூறுகிறார். வளர்மதியைக் கேட்டேன். "பச்சை எரிஞ்சது மட்டுந்தான் சார் ஞாபகம். மழை பேஞ்சதா அன்னிக்கு?" என்றார்.